குடத்துக் கல்லும் வளைந்த கம்பியும்: காக்கை இனத்தின் சிக்கல் தீர்க்கும் திறன் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தாகம் கொண்ட காகத்தின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அலகு எட்டவில்லை. காகம் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடப் போட நீர் மேலேறுகிறது. ஈசாப்பின் பெயரோடு வழங்கும் இந்தக் கிரேக்கக் கதை பாடநூல் வழியாக வந்து, பாட்டி சொல்லும் கதைகளோடு கதையாகக் கலந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இப்படியொரு நிகழ்ச்சியை நடந்த செய்தியாகவே குறித்துவைத்தார். 2009இல் அது கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கையில் சோதனையாக மாறியது. காக்கை இனப் பறவைகளால் அது இயலும் என்றும் தெரிந்தது.

இயலும் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான கேள்வி பிறந்தது. கல்லைப் போட்ட பறவைக்குத் தன் செயலின் காரணம் விளங்கிற்றா, அல்லது போட்டால் தீனி கிடைக்கிறது என்ற அளவில் அது நின்றுவிட்டதா? இக்கட்டுரை இந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது. பறவை அறிவு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வெற்றிகளைத்தான் அடுக்கிக் காட்டுகிறார்கள். வெற்றியை விடத் தோல்வியே நல்ல சாட்சி என்பது என் கருத்து. ஒரு பறவை எந்த இடத்தில், எந்த விதத்தில் தவறுகிறது என்று பார்த்தால்தான் அது உலகை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பது தெரியவரும்.

கிளிகளும் இந்த ஆய்வுத்துறையில் பெரும் பெயர் பெற்றவை. ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் வாங்கி வளர்த்த அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி பொருள், நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லால் குறிப்பிட்டது. 2007இல் அது இறந்தபோது உலகச் செய்தித்தாள்கள் இரங்கல் எழுதின. ஆயினும் கிளியின் கதை மொழியோடு பின்னிப் பிணைந்தது. தனி ஆய்வாக விரிய வேண்டியது. இங்கே காக்கை, ரேவன், ஜே முதலிய காக்கைக் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் வால்காக்கையும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

2. அறிவு என்னும் சொல்

2.1 மரபின் வகைப்பாடு

உயிர்களை அறிவின் படியில் வகுத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை வரிசைப்படுத்துகிறது. ஐம்பொறிகளின் வழியே வருவது ஐந்தறிவு. மனத்தால் வருவது ஆறாவது. ஆறாவது அறிவு மக்களுக்குரியது என்று சொன்ன மரபு, அதோடு கதவைச் சாத்திவிடவில்லை. விலங்குகளிலும் ஒருசாரனவற்றுக்கு அது உண்டு என்று இடம் விட்டது. அதற்கு எடுத்துக்காட்டுச் சொல்ல வந்த பழைய உரை கிளியையும் குரங்கையும் யானையையும் குறித்தது. இன்றைய விலங்கறிவு ஆய்வில் மிகுதியாகப் பேசப்படும் உயிர்களின் பட்டியலில் இந்த மூன்றும் இருக்கின்றன. நன்னூலார் பாதை வேறு. அவர் சமண மரபை ஒட்டி, மக்களையும் விலங்கையும் பறவையையும் ஐயறிவுயிர் என்ற ஒரே வரிசையில் வைத்தார்.

இவை சோதனை செய்து கண்ட முடிவுகள் அல்ல; அப்படிக் காட்டி மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மனிதனுக்கும் பறவைக்கும் இடையிலான கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் நம் இலக்கணிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது என்ற செய்திதான் இங்கே முக்கியம்.

2.2 மூன்று வாயில்கள்

ஒரு பறவை சிக்கலை அவிழ்க்கிறது என்றால் அது மூன்று வழிகளில் நிகழலாம். ஒன்று, பிறவியிலேயே வந்த செயல்முறை. தூக்கணாங்குருவி கூடு பின்னுவதில் பெரும்பகுதி இவ்வகை. பழகப் பழகக் கைத்தேர்ச்சி கூடும், அடிப்படை நூலோட்டம் பிறப்போடு வந்தது. இரண்டு, பட்டறிவு: செய்து பார்த்து, பலன் வந்ததைத் திரும்பச் செய்வது. மூன்று, காரண அறிவு: இது நடந்தால் அது நடக்கும், ஏனெனில் இன்னது இன்னதைத் தள்ளுகிறது என்று உணர்ந்து செய்வது.

இம்மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித் தெரியும் என்பதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் லாயிட் மார்கன் 1894இல் ஒரு விதி வகுத்தார்: தாழ்ந்த படியிலுள்ள உளச்செயலால் விளக்க முடிந்த ஒன்றுக்கு உயர்ந்த படியிலுள்ளதைக் காரணமாகச் சொல்லக்கூடாது. முதல் உலகப்போர்க் காலத்தில் டெனெரீஃப் தீவில் சிம்பன்சிகளை ஆராய்ந்த வுல்ஃப்காங் கோலர், பெட்டிகளை அடுக்கி மேலே தொங்கிய வாழைப்பழத்தை அவை எடுத்ததைக் கண்டு, இது திடீரென உதிக்கும் உள்நோக்கு என்றார். 1984இல் ராபர்ட் எப்ஸ்டீனும் அவர் குழுவினரும் அதே காட்சியைப் புறாக்களைக் கொண்டு நடத்திக் காட்டினார்கள். பெட்டியை ஓர் இலக்கை நோக்கித் தள்ளுவதையும், பெட்டிமேல் ஏறிப் பொம்மை வாழைப்பழத்தைக் கொத்துவதையும் புறாக்களுக்குத் தனித்தனியே கற்றுக்கொடுத்தனர். பிறகு பழத்தை எட்டாத உயரத்தில் மாட்டினர். புறா சற்றுத் தயங்கியது; அங்குமிங்கும் பார்த்தது; பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழத்தின் கீழே நிறுத்தி, ஏறிக் கொத்தியது. பயிற்சி வரலாறு தெரியாத ஒருவர் அதைப் பார்த்திருந்தால் உள்நோக்கு என்றே எழுதியிருப்பார்.

வால்நட் கொட்டையின் கதையும் இப்படிப்பட்டதே. ஜப்பானின் செண்டாய் நகரில் காக்கைகள் கொட்டைகளைச் சாலையில் வைத்து, கார்ச் சக்கரம் ஏறி உடைந்ததும் எடுத்துத் தின்பது பெயர் பெற்ற காட்சி. கலிஃபோர்னியாவிலும் காக்கைகள் அவ்வாறே காரைப் பயன்படுத்துகின்றன என்று பேச்சு எழுந்தபோது, அங்கே ஆய்வாளர்கள் சாலையோரம் அமர்ந்து கணக்கெடுத்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். கார் வரும்போதும் வராதபோதும் காக்கைகள் ஒரே விதமாகத்தான் நடந்துகொண்டன. கெட்டியான தரையில் போட்டால் கொட்டை உடையும், சாலை கெட்டியான தரை, கார் தற்செயல். செண்டாய்க் காக்கையை இது பொய்யாக்கிவிடாது. கண்ணால் கண்டதும் தீர விசாரிக்கப்பட வேண்டியதே என்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

3. குழாயும் கல்லும்

3.1 ரூக் காக்கைகள்

கிறிஸ்டோபர் பேர்டும் நேத்தன் எமெரியும் 2009இல் வெளியிட்ட சோதனையில் நான்கு ரூக் காக்கைகள் பங்கேற்றன. ரூக் என்பது ஐரோப்பிய வயல்வெளிகளில் கூட்டமாக மேயும் காக்கை. காட்டில் அது கருவி எதையும் கையாள்வதாகத் தெரியவில்லை. இந்தச் சோதனையின் சிறப்பே அதில்தான் இருக்கிறது. நெட்டுக்குத்தாக நிறுத்திய கண்ணாடிபோன்ற குழாயில் பாதி நீர், நீரின்மேல் ஒரு மெழுகுப்புழு மிதக்கிறது, பக்கத்தில் கற்கள். இரண்டு பறவைகள் முதல் முயற்சியிலேயே புழுவை எடுத்தன. மற்ற இரண்டும் இரண்டாம் முயற்சியில்.

பெரிய கல்லும் சிறிய கல்லும் கலந்து வைத்தபோது பெரியதைத் தேர்ந்தெடுக்கப் பழகிக்கொண்டன. நீர்க் குழாயையும் மரத்தூள் நிரப்பிய குழாயையும் பக்கம் பக்கமாக வைத்தபோது நீரிலேயே கல்லிடக் கற்றன. இப்பறவைகளுக்குக் குழாயில் கல் போடும் பழக்கம் முன்பே உண்டு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேறொரு சோதனையில், கல் விழுந்தால் கீழ்த்தட்டு சரிந்து தீனி உருளும் அமைப்பில் அவை பயின்றிருந்தன. ஆகவே கல்லைப் போடும் செயலை அவை புதிதாகக் கண்டுபிடித்தன என்று சொல்வதற்கில்லை. எந்தக் குழாயில், எந்தக் கல்லை, எவ்வளவு போடுவது என்பதில்தான் ஆராய இடமிருக்கிறது.

3.2 நியூ கலிடோனியக் காக்கைகள்

2014இல் சாரா ஜெல்பர்ட், அலெக்ஸ் டெய்லர் முதலியோர் காட்டில் பிடித்த ஆறு நியூ கலிடோனியக் காக்கைகளை வைத்து இச்சோதனையைப் பல கிளைகளாக விரித்தனர். அவை மணல் குழாயை விட்டு நீர்க் குழாயை நாடின. மிதக்கும் பொருளை விட்டு மூழ்கும் பொருளைப் போட்டன. உட்புறம் காலியான பொருளை விட்டுத் திண்மையானதை எடுத்தன. நீர் தாழ்ந்த குழாயை விட்டு உயர்ந்த குழாயில் தொடங்கின. இவையெல்லாம் ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளின் நிலையோடு ஒப்பிடத்தக்கவை என்றனர் ஆய்வாளர்கள்.

அகன்ற குழாயும் குறுகிய குழாயும் கொடுத்தபோது பறவைகள் தடுமாறின. குறுகியதில் சில கற்களே போதும். அதை அவை கண்டுகொள்ளவில்லை. அடுத்து வந்த வளைகுழாயில் தோற்றன.

3.3 வளைகுழாயின் சாட்சி

வளைகுழாய் அமைப்பு இப்படி. பார்வைக்கு மூன்று தனிக் குழாய்கள். நடுக் குழாயில் தீனி மிதக்கிறது. ஆனால் அதன் வாய் கல் நுழையாத அளவுக்குக் குறுகல். இருபுறமும் ஒவ்வொரு அகன்ற குழாய். அவற்றில் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் நடுக் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் கல்லைப் போட்டால் நடுக் குழாயில் நீர் உயரும். மற்றதில் போட்டால் ஒன்றும் நடவாது.

பறவை வெறும் பட்டறிவால் மட்டும் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த அமைப்பும் முந்தைய அமைப்பும் அதற்கு ஒன்றே. இந்தப் பக்கம் கல்லிட்டால் தீனி சிறிது நெருங்கி வருகிறது. அந்தப் பக்கம் இட்டால் வருவதில்லை. பலன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயவேண்டியதுதானே? சாயவில்லை. இதற்கு முன்பே லூசி சீக் குழுவினர் ஜே பறவைகளிடம் இதைச் செய்து பார்த்தபோதும் அவை தேறவில்லை. குழந்தைகளோ, காரணம் புரியாமலேயே, எந்தப் பக்கம் பலிக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள்.

இந்தத் தோல்வியைப் பறவையின் மந்தத்துக்குச் சான்றாகச் சிலர் படித்தார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. காரணத் தொடர்பு கண்ணுக்குப் புலப்படும்போது எளிதில் கற்கும் பறவை, அத்தொடர்பு மறைக்கப்பட்டதும் கற்கத் திணறுகிறது என்றால், முன்பு அதற்குக் கைகொடுத்தது வெறும் பலன் மட்டுமாக இருக்க முடியாது. இந்தக் கல் இந்த நீரைத் தொடுகிறது, இந்த நீர் இந்தத் தீனியைத் தூக்குகிறது என்ற ஏதோ ஓர் எதிர்பார்ப்பு அதனிடம் இருந்திருக்க வேண்டும். உலகம் இப்படித்தான் நடக்கும் என்ற எண்ணம் உள்ள உயிரைத்தான், உலகம் அப்படி நடக்காதபோது குழப்ப முடியும்.

இதற்கு மாற்றுக் கருத்தும் வலுவானது. 2018இல் லாரா ஹென்னெஃபீல்டும் டேனியல் பொவினெல்லி முதலியோரும் இவ்வகைச் சோதனைகளின் தரவுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்து, பறவைகள் முயன்று தவறிக் கற்பதே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று வாதிட்டார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியது ஒரு முக்கியமான உண்மை: பல பறவைகள் முதல் சில முயற்சிகளில் சரியாகத் தேர்வதில்லை; போகப் போகத்தான் தேர்கின்றன. கொரினா லோகன் 2014இல் குழாய்களை விலக்கி வைத்து வளைகுழாயை மாற்றியமைத்தபோது ஒரே ஓர் இளம் காக்கை தேறியது என்பதும் இக்கணக்கில் சேரவேண்டும். அந்த ஒன்று தற்செயலா, தனித்திறனா என்று ஒரே பறவையைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. வழக்கு முடியவில்லை. ஆனால் முயன்று கற்பதும் காரணம் உணர்வதும் ஒன்றையொன்று விலக்குபவை என்று ஏன் கொள்ள வேண்டும்? நாம் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் விழுந்து எழுந்துதான்.

4. பெட்டி என்ற காக்கை வளைத்த கம்பி

4.1 தாழை மடலும் கொக்கியும்

தென்பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் வாழும் அந்தக் காக்கைகள் கருவி செய்பவை என்று 1996இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் கேவின் ஹன்ட். அவர் இரண்டு வகைக் கருவிகளை விவரித்தார். ஒன்று, கவட்டைக் குச்சியை ஒடித்து, முனையைச் செதுக்கிக் கொக்கியாக்குவது. மற்றது தாழை மடலில் வெட்டுவது. தாழை மடலின் ஓரத்தில் வரிசையாக முள் இருப்பதை நாம் அறிவோம். காக்கை அந்த ஓரத்தைப் படிப்படியாக நறுக்கி, ஒரு முனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் இருக்கும் பட்டையாகக் கிழித்தெடுக்கிறது. அகன்ற பக்கம் பிடிப்பதற்கு. கூர்ந்த பக்கம் மரப்பொந்தில் விட்டுப் புழுவை இழுப்பதற்கு. ஓரத்து முட்கள் புழுவை மாட்டி இழுக்க உதவுகின்றன. நறுக்கிய மடலின் தழும்பு மரத்திலேயே தங்கிவிடுவதால், காக்கை பறந்துபோன பிறகும் அதன் வேலையை அளந்து ஆராய முடிகிறது. ஆய்வாளனுக்கு இதைவிடப் பெரிய கொடை வேண்டுமா?

4.2 ஆக்ஸ்ஃபோர்டு நிகழ்ச்சி

அலெக்ஸ் கசெல்னிக்கின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் பெட்டி என்ற பெண் காக்கையும் ஏபெல் என்ற ஆணும் இருந்தன. குழாய்க்குள் கைப்பிடி வைத்த ஒரு சிறு வாளி. வாளியில் இறைச்சித் துண்டு. நேரான கம்பி ஒன்றும் வளைந்த கம்பி ஒன்றும் கொடுத்து, எதைத் தேர்கின்றன என்று பார்ப்பதே திட்டம். ஒருமுறை வளைந்த கம்பியை ஏபெல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய நேர்க்கம்பியை வைத்துக்கொண்டு பெட்டி சற்று முயன்றது, பலிக்கவில்லை. உடனே கம்பியின் ஒரு முனையை இடுக்கில் செருகி, மறுமுனையை அலகால் இழுத்து வளைத்துக் கொக்கியாக்கி வாளியைத் தூக்கியது. பிறகு நேர்க்கம்பி மட்டும் கொடுத்துச் செய்த 10 முயற்சிகளில் 9 முறை வளைத்தது. 2002இல் இந்த முடிவு வெளியானதும் பெட்டி உலகப்புகழ் பெற்றது. குழந்தைகளுக்கும் இதேபோன்ற வேலையைப் பின்னால் கொடுத்துப் பார்த்தார்கள். கொக்கியைப் பயன்படுத்தத் தெரிந்த சிறுவர்களிலும், எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பலருக்கு அதைத் தாமே வளைத்துச் செய்யத் தோன்றவில்லை.

4.3 திருத்தம்

2016இல் கிறிஸ்டியான் ருட்ஸின் குழுவினர், காட்டிலிருந்து பிடித்துச் சிறிது காலம் வைத்திருந்த நியூ கலிடோனியக் காக்கைகளுக்கு அவற்றின் இயல்பான செடிக் குச்சிகளைக் கொடுத்து வேலை செய்யவிட்டனர். பல காக்கைகள் குச்சியின் ஒரு முனையைக் காலால் மிதித்தோ இடுக்கில் செருகியோ பிடித்துக்கொண்டு அலகால் வளைத்தன. பெட்டி செய்தது ஏறக்குறைய அதேதான். பெட்டியும் காட்டில் பிறந்து பிடிபட்ட பறவை. அப்படியானால் அதன் புகழ்பெற்ற செயல், அந்த இனத்துக்கு ஏற்கெனவே கைவந்த வேலையாக இருந்திருக்கலாம்; புதிதாக உதித்த தீர்வு என்று கொள்ள வலுவில்லை.

இந்தத் திருத்தத்தைப் படித்த அன்று எனக்கு வருத்தமாக இருந்தது; மறைக்க விரும்பவில்லை. பிறகு யோசித்தபோது அது வேறுவிதமாகத் தெரிந்தது. உலோகக் கம்பி அந்தப் பறவை காட்டில் அறிந்திராத பொருள். குச்சி வளைவதுபோல அது வளைவதில்லை. குச்சிக்குரிய கைப்பழக்கத்தை அந்நியப் பொருளுக்கு ஏற்றிச் செய்திருக்கிறது. நம் ஊர்த் தச்சர் முதல்முறை அலுமினியச் சட்டத்தை அறுக்கும்போது செய்வதும் அதையேதான். மேலும், கருவியே கையாளாத ரூக் காக்கைகளும் ஆய்வுக்கூடத்தில் கம்பியை வளைத்துக் கொக்கி செய்தன. அவற்றுக்குக் குச்சி வளைக்கும் குலத்தொழில் எதுவும் இல்லை. பெட்டிக்குச் சொன்ன விளக்கம் இங்கே பொருந்தாது.

5. கயிறு

பெர்ண்ட் ஹைன்ரிக் அமெரிக்காவின் வெர்மான்டில் ரேவன்களுக்கு நீண்ட கயிற்றில் இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டார். ரேவன் என்பது காக்கை இனத்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. கிளையில் நின்று கயிற்றை அலகால் இழுத்து, இழுத்த மடிப்பைக் காலால் மிதித்து, மறுபடி இழுத்து, மறுபடி மிதித்து, சில ரேவன்கள் முதன்முறையிலேயே இறைச்சியை மேலே கொண்டுவந்தன. கிணற்றில் நீர் சேந்துவோர் கையை மாற்றி மாற்றிப் போடும் அதே ஒழுங்கு.

2010இல் டெய்லர் குழுவினர் நியூ கலிடோனியக் காக்கைகளுக்கு இதையே வைத்து, இடையில் ஒரு பலகையைச் செருகினர். கயிறு பலகையிலுள்ள துளை வழியாக இறங்கும்; ஆகவே இழுக்கும்போது தீனி மேலேறுவதைப் பறவையால் சரியாகப் பார்க்க முடியாது. இப்போது பறவைகளின் திறன் வெகுவாகக் குறைந்தது. ஒவ்வோர் இழுப்பிலும் தீனி நெருங்குவதைக் கண் காண்பதே அவற்றை அடுத்த இழுப்புக்கு ஊக்கியிருக்கிறது. வளைகுழாயில் கண்டதும் இதுவே: கண்ணில் படும் தொடர்பு அறுந்தால் காக்கையின் அறிவு தளர்கிறது. இரண்டு வேறு சோதனைகளில் ஒரே எல்லைக்கோடு தென்படுவதால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

6. பதுக்கலும் களவும்

6.1 எது, எங்கே, எப்போது

கண்முன் இல்லாததையும் காக்கை இனம் நினைத்துவைக்கும் என்பதற்கு வேறொரு துறையில் சான்று உண்டு. நிக்கோலா கிளேட்டனும் அந்தோனி டிக்கின்சனும் 1998இல் கலிஃபோர்னியப் புதர் ஜே பறவைகளிடம் இதை நிறுவினார்கள். இப்பறவைகள் உணவைத் தரையில் பதுக்கி வைத்துப் பின்னால் எடுப்பவை. வேர்க்கடலையும் மெழுகுப்புழுவும் பதுக்கக் கொடுத்தார்கள். புழுவே அவற்றுக்கு விருப்பம். ஆனால் அது நாளானால் அழுகும், கடலை கெடாது. பதுக்கி 4 மணி நேரத்தில் தேட விட்டால் புழு இருந்த இடத்துக்குப் போயின. 124 மணி நேரம் கழித்து விட்டால் புழுவை விட்டுக் கடலையைத் தோண்டின. புழு அழுகும் என்று அனுபவத்தில் அறியாத பறவைகள் அப்போதும் புழுவையே தேடின.

வாசனையால் கண்டுபிடித்ததோ என்ற ஐயத்துக்கும் இடமில்லை. சோதனையின்போது பதுக்கிய உணவை ஆய்வாளர்கள் முன்பே அகற்றிவிட்டிருந்தார்கள். எதை வைத்தேன், எங்கே வைத்தேன், எப்போது வைத்தேன் என்ற மூன்றையும் சேர்த்துக் கட்டிய நினைவு அது. அஞ்சறைப் பெட்டியில் எந்தப் பொடி எப்போது அரைத்தது என்று நினைவில் வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

6.2 திருடனுக்குத் திருடனைத் தெரியும்

2001இல் எமெரியும் கிளேட்டனும் இன்னொன்று கண்டார்கள். ஒரு ஜே பறவை பதுக்குவதை இன்னொன்று பார்த்துக்கொண்டிருந்தால், பார்த்தது போன பிறகு, பதுக்கிய பறவை திரும்பி வந்து உணவை வேறிடத்துக்கு மாற்றியது. எல்லாப் பறவைகளும் இப்படிச் செய்யவில்லை. பிறர் பதுக்கியதை முன்பு தாம் திருடியிருந்த பறவைகளே இடம் மாற்றின, களவறியாதவை மாற்றவில்லை.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். தன் அனுபவத்தை மற்றதன் மனத்துக்கு ஏற்றிப் பார்ப்பதுபோல இது தோன்றுகிறது. மார்கனின் விதியை நினைத்து, "தோன்றுகிறது" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். எனினும் இங்கேயும் ஆய்வுக்குத் திறவுகோலானது செய்யத் தவறிய பறவைகள்தாம். அவை இல்லாவிட்டால் இந்த இடமாற்றத்தைப் பிறவிப் பழக்கம் என்று எழுதி மூடியிருப்பார்கள்.

7. மூளை

பறவையின் முன்மூளையில் பாலூட்டிகளுக்கு இருப்பதுபோன்ற ஆறு அடுக்குப் புறணி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் லுட்விக் எடிங்கர் இதைக் கண்டு, பறவையின் முன்மூளை ஏறக்குறைய முழுவதும் உள்ளுணர்ச்சிகளை ஆளும் பழைய பகுதியே என்று கொண்டார். அதன் பகுதிகளுக்கு அவர் வழிவந்தோர் இட்ட பெயர்களும் அக்கருத்தையே சுமந்து நூறாண்டு நின்றன. 2004, 2005ஆம் ஆண்டுகளில் பன்னாட்டு நரம்பியலாளர் குழு ஒன்று அப்பெயர்களை மாற்றியது. பெயர்மாற்றம் சிறிய செய்தி அல்ல. தவறான பெயர் தவறான கேள்வியையே பெற்றெடுக்கும்.

2016இல் சூசானா ஹெர்குலானோ-ஹவுசல் முதலியோர் 28 இனப் பறவைகளின் மூளையில் நரம்பணுக்களை எண்ணினார்கள். ரேவனின் மூளை சுமார் 14 கிராம். அதன் முன்மூளைப் புறப்பகுதியில் மட்டும் ஏறக்குறைய 120 கோடி நரம்பணுக்கள். பஞ்சவர்ணக்கிளி ஒன்றுக்கு 190 கோடி. அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ள மூளை கொண்ட மக்காக் குரங்குக்கு 170 கோடி. பறவைகளின் நரம்பணுக்கள் சிறியவை, நெருக்கமாக அடைந்திருப்பவை. பறக்கும் உயிர் எடை சுமக்க முடியாது. அடர்த்தியால் அதை ஈடுகட்டியிருக்கிறது. 2020இல் ஓனுர் குண்டுர்குன் குழுவினர், அடுக்குப் புறணி இல்லாவிட்டாலும் அதன் இணைப்பு ஒழுங்கை ஒத்த நரம்புப் பாதைகள் பறவை மூளையில் உள்ளன என்று காட்டினர்.

நமக்கும் பறவைக்கும் பொதுவான மூதாதை சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அவ்வளவு காலம் தனித்தனியே நடந்த இரண்டு கிளைகள், வேறு கட்டுமானத்தால் ஒத்த திறனுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

8. தீவும் கருவியும்

அறிவு இருந்தால் எல்லாக் காக்கையும் ஏன் கருவி செய்வதில்லை? ஹவாய்த் தீவின் அலாலா என்ற காக்கை இதற்கு விடையின் ஒரு பாதியைத் தருகிறது. 2002க்குப் பிறகு காட்டில் காணப்படாமல், வளர்ப்பிடங்களில் மட்டும் எஞ்சிய அந்த இனத்தில் அப்போது இருந்தவை 109. அவற்றுள் 104ஐ ருட்ஸ் குழுவினர் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டனர். 78 விழுக்காட்டுப் பறவைகள் குச்சியெடுத்துத் துளையில் விட்டுத் தீனியை எடுத்தன. கற்றுத்தரப்படாத குஞ்சுகளும் அப்பழக்கத்தைத் தாமே வளர்த்துக்கொண்டன. நியூ கலிடோனியக் காக்கைகளைக் கையால் வளர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டின் ஆய்விலும் இதுவே தெரிந்தது. ஆசான் இல்லாமலே அவை குச்சியைக் கையாளத் தொடங்கின.

ஹவாயும் நியூ கலிடோனியாவும் ஒதுங்கிய வெப்பத் தீவுகள். இரண்டிலும் மரங்கொத்தி இல்லை. மரத்துக்குள் இருக்கும் கொழுத்த புழுவுக்குப் போட்டி குறைவு. காக்கைக்கு உளி போன்ற அலகு கிடையாது. உளியைக் குச்சியால் ஈடுசெய்திருக்கிறது. கருவியைத் தொட வைப்பது பிறவி; எந்தக் குச்சி, எந்த நீளம், எப்படிச் செதுக்குவது என்பது பட்டறிவு; புதிய அமைப்பைக் கண்டு திட்டத்தை மாற்றுவது மூன்றாவது. பிரிவு 2இல் சொன்ன மூன்று வாயில்களும் ஒரே பறவையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொல்லி நாம் நூறாண்டாகப் பறவையை வற்புறுத்தியிருக்கிறோம்.

9. நம் ஊர்க் காக்கையும் குயிலும்

வீட்டுக் காக்கையும் இந்தக் குடும்பத்தின் உறுப்பினரே. பால்காரர் வரும் நேரம், பள்ளிக்கூடத்தில் மதிய உணவு முடியும் நேரம், மீன்சந்தை கழுவிவிடும் நேரம் அதற்குத் தெரியும். கல்லெடுக்கக் குனிபவனையும் வெறுமனே குனிபவனையும் பிரித்தறிந்து பறப்பதைத் தெருவில் வளர்ந்த யாரும் கண்டிருப்போம். அந்தக் காக்கையைத்தான் குயில் ஏமாற்றுகிறது. பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது. நிறத்திலும் புள்ளியிலும் காக்கை முட்டையைப் போலிருந்தாலும் அளவில் சிறியது. குயில் குஞ்சு முன்னதாகவே பொரிந்து தீனிக்கு வாய் திறந்துவிடுகிறது. காக்கை அதைப் பெரும்பாலும் வெளியே தள்ளுவதில்லை, ஊட்டி வளர்க்கிறது.

இதை வைத்துக் காக்கையை ஏமாளி என்று காலங்காலமாகப் பேசிவருகிறோம். தோல்வியைச் சாட்சியாகக் கொள்ளும் நம் முறையை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். வளர்ந்த குயிலைக் கண்டால் காக்கை விடுவதில்லை. கூட்டமாகக் கரைந்து விரட்டுகிறது. ஆகவே குயில் பகை என்பது அதற்குத் தெரியும். கூட்டுக்குள் இருப்பது குயில் என்பதுதான் தெரியவில்லை. கூட்டில் கிடப்பதும் திறந்த வாயும் பிள்ளை என்ற அடையாளத்துக்குப் போதுமானவை. இதில் ஐயப்பட்டு ஆராயும் பழக்கம் ஒரு காக்கைக்கு இருந்தால், அது குயிலை ஒருமுறை கண்டுபிடிக்கும். தன் குஞ்சைப் பலமுறை தவறாகத் தள்ளிவிடும். தவறாகத் தள்ளியதற்கு மாற்றுக் கிடையாது. குழாய், கம்பி, கயிறு ஆகியவற்றில் தவறு செய்தால் ஒரு புழுதான் போகும். அங்கே முயன்று தவறலாம், சோதித்துப் பார்க்கலாம். கூட்டில் அது முடியாது. பறவையின் அறிவு எல்லா வேலைக்கும் பொதுவான ஒரே விளக்காக எரிவதில்லை. தவறினால் தாங்கக்கூடிய இடத்தில் அது தாராளமாக எரிகிறது.

கோடைக்காலத்தில் முருங்கை மரத்துக்கோ வேம்புக்கோ கீழே சிறிது நேரம் நின்றால் இதைப் பார்க்கலாம். கூட்டைவிட்டு வெளியே வந்துவிட்ட குயில் குஞ்சு கிளையில் அமர்ந்து இறகு நடுங்கக் கத்துகிறது. காக்கை வந்து அதன் தொண்டைக்குள் தீனியைத் திணிக்கிறது. திணித்த கையோடு, பக்கத்து மரத்தில் கூவிய ஆண் குயிலைத் துரத்திக்கொண்டு பறக்கிறது.